கால் இல்லாமல் ஓடும் சொல்

2023 மார்ச் மாதம் அமெரிக்காவில் சிலிகான் வேலி வங்கி விழுந்தபோது, அதைப் பற்றி வந்த ஆங்கிலச் செய்திகளில் திரும்பிய பக்கமெல்லாம் 'ரன்' என்ற சொல் இருந்தது. அன்று இரவுப் பணியில் என்னோடு ஓர் இளைஞர் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 'வங்கியின் மீது ஓட்டம்' என்று தமிழில் எழுதிவிட்டு, எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணா, இதுல யாரு ஓடுனாங்க?" என்று கேட்டார்.

யாரும் ஓடவில்லை. மார்ச் 9ஆம் தேதி ஒரே நாளில் அந்த வங்கியிலிருந்து 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, போனிலும் கணினியிலும். மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கிக்கு இதே நிலை வந்தபோது மக்கள் நேரில் வந்தார்கள். ஆனால் அவர்களும் ஓடவில்லை. கிளைகளின் வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் பெயர் 'ரன்'தான். நாங்கள் கடைசியில் 'டெபாசிட்டை எடுக்க முண்டியடித்த வாடிக்கையாளர்கள்' என்று மாற்றினோம். செய்தி அச்சுக்குப் போனது. கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

மொழிபெயர்ப்பு வேலையில் நெடுநாள் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். பயமுறுத்தும் நீளமான ஆங்கிலச் சொற்கள் அவ்வளவு ஆபத்தானவை அல்ல. அவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பொருள்தான் இருக்கும், அகராதியைத் திறந்தால் வேலை முடிந்தது. ஆளைக் கவிழ்ப்பவை ஒன்றாம் வகுப்பிலேயே படித்து முடித்துவிட்டதாக நாம் நினைக்கும் குட்டிச் சொற்கள். 'ரன்' என்றால் ஓடு. மூன்றே எழுத்து. இதற்குப் போய் யார் அகராதியைப் பார்ப்பார்கள்?

பார்த்தால் தலை சுற்றும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைக் கணக்கிட்டிருக்கிறது. 'ரன்' பெயர்ச்சொல்லாக வருவது இதில் சேராது.

அந்த அகராதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் 645 என்ற எண் எப்படி வந்தது என்பது அதன் வேலைமுறையில் இருக்கிறது. 1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தார் தொடங்கிவைத்த யோசனை அது. 1879இல் ஜேம்ஸ் மர்ரி பொறுப்பேற்றார். ஆங்கிலம் படித்த பொதுமக்களிடம், நீங்கள் வாசிக்கும் புத்தகங்களில் ஒரு சொல் வந்திருக்கும் வாக்கியத்தைச் சின்னத் தாளில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். இலட்சக்கணக்கில் தாள்கள் வந்து குவிந்தன. தகரக் கொட்டகை ஒன்றில் உட்கார்ந்து அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினார்கள். முதல் பகுதி 1884இல் வந்தது, கடைசிப் பகுதி 1928இல். மர்ரி 1915லேயே இறந்துபோனார். முழு அகராதியை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அதாவது, அறிஞர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய பொருள்கள் அல்ல இவை. மக்கள் எழுதிய வாக்கியங்களை அடுக்கிப் பார்த்து, இது அதிலிருந்து வேறுபடுகிறது என்று பிரித்துப் பிரித்துக் கண்டவை.

1989இல் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வந்தபோது அதிகப் பொருள் கொண்ட சொல் 'ரன்' அல்ல, 'செட்'. அதன் வினைச்சொல்லுக்கு 430 பொருள். அதை விளக்க மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நடுத்தர நாவல் அளவு. பிறகு மூன்றாம் பதிப்புக்காக எல்லாச் சொற்களையும் திருத்தத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு முதல் திருத்திய சொற்கள் இணையத்தில் வரத் தொடங்கின. 'ஏ'யிலிருந்து அல்ல, 'எம்' எழுத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பழைய ஆசிரியர்கள் அந்த எழுத்துக்கு வரும்போது வேலையில் கை தேர்ந்திருந்தார்கள் என்பது காரணம். வரிசையாகத் திருத்தத் திருத்த, 'மேக்' முதலில் 'செட்'டைத் தாண்டியது, 2007இல் 'புட்' அதைத் தாண்டியது, 2011இல் 'ரன்' எல்லாவற்றையும் தாண்டியது. பீட்டர் கிலிவர் என்ற ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதத்துக்கு மேல் இருந்தார்.

சரி, 645ஐ அப்படியே நம்பி மலைத்துப்போக வேண்டுமா என்றால், வேண்டாம். மனிதன் ஓடுவது ஒன்று, குதிரை ஓடுவது ஒன்று, கப்பல் காற்றோடு ஓடுவது இன்னொன்று என்று நூலிழை வித்தியாசத்துக்கும் தனி எண் கொடுக்கும் அகராதி அது. பின்னால் ஒரு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறினாலும் தனிக் கணக்கு. 'அவுட்' சேர்ந்தால் கையிருப்பு தீர்ந்துபோவது. 'ஓவர்' சேர்ந்தால் வண்டி ஏறிவிடுவது. 'இன்டு' சேர்ந்தால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. 'டவுன்' சேர்ந்தால் பேட்டரி இறங்குவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும்கூட. இந்தக் கூட்டுகளைக் கழித்தாலே எண் வெகுவாகக் குறையும். பள்ளி மாணவர் பயன்படுத்தும் சின்ன அகராதி இதையே சில பத்துப் பொருள்களுக்குள் அடக்கிவிடும்.

ஆனாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோலத் தெரியும் பொருள்கள் நிறைய மிஞ்சுகின்றன. மூக்கு ஒழுகுவது 'ரன்'. துணியில் சாயம் போவதும், காலுறையில் இழை விட்டுக் கோடாகப் பிரிவதும் அதே சொல். ரயில் ஓடுவது, கம்பெனி நடத்துவது, காய்ச்சல் அடிப்பது, தேர்தலில் நிற்பது, கணினியில் நிரலை இயக்குவது, ஆயுதம் கடத்துவது, ஒரு குடும்பத்தில் நீரிழிவு தலைமுறை தலைமுறையாக வருவது, பத்திரிகையில் ஒரு கட்டுரையை வெளியிடுவது எல்லாமே அதுதான். இவற்றை ஒரே சொல்லில் கட்டியிருக்கும் கயிறு எது?

கயிறு கால் அல்ல, தண்ணீர்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூதாதை 'ரின்னன்'. எழுத்து முன்பின் மாறி 'இர்னன்' என்றும் வழங்கியது. மனிதன் ஓடுவதற்கும் ஆறு ஓடுவதற்கும் அன்றைக்கே அதுதான் சொல். ஆங்கிலத்தின் பங்காளி மொழியான ஜெர்மனில் 'ரின்னன்' இன்றைக்கும் இருக்கிறது. அங்கே அதற்கு நீர் ஒழுகுதல், வழிதல் என்பதுதான் பொருள். ஆகவே மூக்கு ஒழுகுவதற்கு ஆங்கிலத்தில் 'ரன்' வருவது யாரோ வேடிக்கையாகச் செய்த உருவகம் அல்ல. சொல்லின் வேரிலேயே அந்த ஈரம் இருந்தது. சாயம் போவது, மை பரவுவது, மெழுகு உருகி வழிவது, குழாயைத் திறந்துவிடுவது எல்லாம் அந்த ஈரத்திலிருந்து வந்தவை. பாலைத் திரியவைத்துப் பாலாடைக்கட்டி செய்ய உதவும் உறைபொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரென்னட்' என்று பெயர். பால் ஒன்றாக ஓடித் திரள்வதைக் குறித்த பழைய 'ரன்'தான் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஓடுவதை ஓட்டப்பந்தயமாக நினைக்காமல் நீரோட்டமாக நினைத்துப் பாருங்கள்; பாதி விஷயம் விளங்கிவிடும். சாலை ஊர்களுக்கு நடுவே 'ஓடுகிறது', ஏனென்றால் அது ஆறுபோல நீண்டு கிடக்கிறது. ஒப்பந்தம் இரண்டு ஆண்டு 'ஓடுகிறது', காலத்தில் நீள்வதால். நோய் குடும்பத்தில் 'ஓடுகிறது', மேலிருந்து கீழே இறங்கி வருவதால். காலுறையில் ஓரிடத்தில் இழை அறுந்தால் அது கீழே வழிந்துகொண்டே போகிறது, அதனால் அதுவும் 'ரன்'. இது அமெரிக்க வழக்கு. இங்கிலாந்தில் அந்தக் கிழிசலை ஏணி என்பார்கள், படிப்படியாகத் தெரியும் இழைகளைப் பார்த்து.

இது ஒரு பாதி. மறுபாதிக்குக் காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது மிக எளிது.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். மாடு ஓடியது, மாட்டை ஓட்டினான். ஆடு, ஆட்டு. வாடு, வாட்டு. உருள், உருட்டு. தானே செய்வதற்கு ஒரு வடிவம், செய்யவைப்பதற்குச் சற்றே இறுகிய இன்னொரு வடிவம். பழைய ஆங்கிலத்துக்கும் இந்த ஏற்பாடு இருந்தது! 'இர்னன்' என்றால் ஓடு. 'ஏர்னன்' என்றால் ஓட்டு, குதிரையை ஓடவிடு. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்துக்கு வந்து குடியேறியபோது அவர்கள் மொழியிலும் அதே ஜோடி, 'ரின்னா', 'ரென்னா' என்று இருந்தது. ஜெர்மனிலும் 'ரின்னன்', 'ரென்னன்' என்ற ஜோடி உண்டு. பிற்கால ஆங்கிலத்தில் இந்த வடிவங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலந்தன. ஓடுவதும் ஓட்டுவதும் ஒரே 'ரன்' ஆகிவிட்டது.

தமிழில் ஓடு, ஓட்டு இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே சொல்லாகிவிட்டதாகக் கற்பனை செய்து பாருங்கள். பேருந்து ஓடுவதும் பேருந்தை ஓட்டுவதும் ஒரே சொல். தறி ஓடுவதும் தறி ஓட்டுவதும் ஒரே சொல். அந்தச் சொல்லின் பொருள் கணக்கு ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். ஆங்கிலத்தில் நடந்தது அதுதான். நமக்கு ஒரு சொல்லுக்கு 645 பொருள் என்று மலைப்பாகத் தெரிவதில் கணிசமான பங்கு, இரண்டு சொற்கள் கலந்து ஒன்றானதால் வந்தது.

ஆங்கிலத்தில் அந்தப் பழைய ஜோடிகள் சில இன்னும் பிழைத்திருக்கின்றன. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் விழவை, அதாவது மரத்தை வெட்டிச் சாய். 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு. 'சிட்' உட்கார், அதன் பிறவினைதான் 'செட்', உட்காரவை. ஆம், 1989 பதிப்பில் முதலிடத்தில் இருந்த அதே 'செட்'. ஒன்றை ஓர் இடத்தில் உட்காரவைப்பது என்ற ஒரே செயலிலிருந்து மேசையில் தட்டு வைப்பது, கடிகாரத்தில் அலாரம் வைப்பது, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது, விலை வைப்பது என்று அது கிளை விட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இரண்டு சாம்பியன்களுக்கும் பின்னால் ஒரே இலக்கணக் கதை இருப்பதுதான். ஒன்று பிறவினையாகவே பிழைத்தது. மற்றொன்று பிறவினையை விழுங்கிவிட்டது.

அப்புறம் இயந்திரங்கள் வந்தன.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் நூற்பாலைகளும் நீராவி எந்திரங்களும் பெருகின. 1825இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில், 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில். கால் இல்லாத, ஆனால் நிற்காமல் அசையும் ஒரு பொருளுக்கு என்ன வினை சொல்வது? நடக்கிறது என்று சொல்லமுடியாது. ஆற்றுநீருக்கும் கடிகாரத்துக்கும் ஏற்கெனவே பழகிய 'ரன்' கையில் தயாராக இருந்தது. ரயில், ஆலை, தறி, பம்பு, மோட்டார் எல்லாம் 'ஓடின'. இயந்திரம் ஓடினால் அதை ஓட்டும் ஆளும் வேண்டும். ஓடுவதும் ஓட்டுவதும் ஏற்கெனவே ஒரே சொல் ஆகிவிட்டதால் ஆளுக்கும் அதே வினை கிடைத்தது. ஆலையின் எந்திரத்தை ஓட்டுகிறவர், ஆலையை ஓட்டுகிறவர், ஆலை நிறுவனத்தையே ஓட்டுகிறவர், கடைசியில் நாட்டை ஓட்டுகிறவர் என்று ஒவ்வொரு படியாக ஏறியது. 20ஆம் நூற்றாண்டில் கணினி வந்தபோது அதுவும் ஓர் இயந்திரம்தானே என்று நிரலை 'ரன்' செய்தார்கள். அதையே நம் பிள்ளைகள் 'ரன் பண்ணு' என்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் ஊர் நினைவு வந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் சோமனூர்ப் பக்கம். விசைத்தறி ஊர். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் "தறி ஓடுதா?" என்றுதான் கேட்பார்கள். கரன்ட் போனால் ஓடவில்லை, நூல் விலை ஏறினால் ஓடவில்லை. மில்லில் மூன்று ஷிப்ட் ஓடும். எட்டுத் தறி ஓட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருடைய உழைப்பு, வருமானம், தூக்கம் எல்லாம் அந்த வாக்கியத்தில் வந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் இதை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீருக்கும் காலத்துக்கும் 'ஓடு' என்பது தமிழில் முன்பே இருந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பியபோது, தமிழிலும் அதற்கான வினை தயாராகத்தான் இருந்திருக்கும். இயந்திரம் எங்கே போனாலும் அந்தந்த மொழியின் நீர்ச்சொல்லை இழுத்துக்கொள்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம்முடைய 'ஓடு'வும் லேசுப்பட்டதல்ல. படம் நூறு நாள் ஓடுகிறது. வேர் ஓடுகிறது. பயத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொழுது ஓடவில்லை. மனத்தில் என்னவோ ஓடுகிறது. கல்லூரியில் நண்பனை 'ஓட்டுகிறார்கள்', அதாவது கேலி செய்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்து 'ரன்' செய்யும் வேலை முழுவதையும் தமிழில் ஓடு செய்வதில்லை. இங்கே பல வினைகள் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. மூக்கு ஒழுகுகிறது. சாயம் போகிறது. சாலை செல்கிறது. காய்ச்சல் அடிக்கிறது. நோய் பரம்பரையாக வருகிறது. சர்க்கரை தீர்ந்துவிட்டது. மொழிபெயர்க்கும்போது தடுக்கி விழும் இடங்கள் இவைதான்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சுவையாகத் தோன்றுவது நிர்வாகம். ஆங்கிலம் ஒரு கம்பெனியை ஓடவைக்கிறது. தமிழ் நடக்கவைக்கிறது. கடை நடத்துகிறார், பள்ளிக்கூடம் நடத்துகிறார், கூட்டம் நடத்துகிறார், குடும்பம் நடத்துகிறார். நமக்குப் பொறுப்பு என்பது நிதானமான நடை. அதே ஆள் 'ஏதோ கடைய ஓட்டிட்டிருக்கேன்' என்று சொன்னால் அர்த்தமே வேறு. லாபம் இல்லை, மூடவும் மனமில்லை, நாளை எப்படியோ தள்ளுகிறார் என்று கேட்டவுடன் புரியும். குடும்பம் நடத்துவதற்கும் குடும்பத்தை ஓட்டுவதற்கும் நடுவில் ஒரு வாழ்க்கையின் கஷ்டம் முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்து 'ரன்'னில் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் ஒரு பெண் தன் வீட்டை 'ரன்' செய்கிறாள் என்று வந்தால், அவள் நடத்துகிறாளா, ஓட்டுகிறாளா என்பதை மொழிபெயர்ப்பவர்தான் கதையைப் படித்து முடிவு செய்யவேண்டும். தவறாகப் போட்டால் அவளுடைய நிலைமையையே மாற்றிவிட்டோம் என்று பொருள். நம் பேருந்துகளிலேயே இந்த இரண்டு வினைகளும் ஆளுக்கொரு இடத்தில் நிற்கின்றன: முன்னால் ஓட்டுநர், பின்னால் நடத்துநர்.

தேர்தலில் இன்னொரு வகை. அமெரிக்காவில் பதவிக்கு 'ஓடுகிறார்கள்'. இங்கிலாந்தில் 'நிற்கிறார்கள்'. ஆங்கிலம் ஒன்றுதான், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் ஓட்டம், இந்தப் பக்கம் நிற்றல். தமிழ் இதில் இங்கிலாந்தோடு இருக்கிறது. நம் வேட்பாளர் தொகுதியில் நிற்கிறார். அமெரிக்க வழக்குக்குப் பின்னால் குதிரைப் பந்தயத்தின் வாசனை இருக்கிறது. அதிபர் வேட்பாளரோடு சேர்ந்து போட்டியிடும் துணை அதிபர் வேட்பாளரை அங்கே 'ரன்னிங் மேட்' என்பார்கள். அந்தச் சொல் முதலில் ஒரே லாயத்திலிருந்து பந்தயத்துக்கு வரும் இரண்டாவது குதிரையைக் குறித்தது. முதல் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுப்பது அதன் வேலை. இதெல்லாம் தெரியாத மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் ஒரு காலத்தில் வேட்பாளரைத் தமிழில் ஓடவிட்டன. தமிழில் தேர்தலில் ஓடுகிறவர் என்றால் பயந்து ஓடுகிறவர் என்றுதான் வாசகர் நினைப்பார்.

'ரன்'னுக்குக் கடத்தல் என்று பொருள் வரும்போதும் அதற்குள் ஒரு காட்சி இருக்கிறது, கடலில். எதிரிக் கப்பல்கள் துறைமுகத்தை மறித்து நிற்கும்போது இருட்டில் நழுவி உள்ளே ஓடிவிடுவது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 முதல் 1865 வரை, தென்மாநிலத் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுபோனவர்கள் 'ரன்னர்' என்ற பெயரில்தான் அறியப்பட்டார்கள். 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்தபோது படகில் சாராயம் கொண்டுவந்தவர்களுக்கும் அதே பெயர் வந்தது.

நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் காதில் விழுந்த 'ரன்' கிரிக்கெட்டில்தான் இருந்திருக்கும். தெருவில் விளையாடும் சிறுவனுக்கு அது ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே கிடையாது. அங்கே பொருள் நேரடியானது. 22 கஜ நீளப் பிட்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினால் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் ஒரு குச்சியில் வெட்டு வெட்டித்தான் கணக்கு வைத்தார்கள். அதனால் ஒரு ரன்னுக்கு 'வெட்டு' என்ற பொருளில் வேறொரு பெயரும் அப்போது வழங்கியது. பிறகு 'ரன்' நிலைத்தது. கவனித்துப் பாருங்கள், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டையாளர் ஓர் அடிகூட எடுத்து வைக்காமலே நான்கு ரன் கிடைக்கிறது. வைடு போட்டாலும் ஒன்று. ஓட்டத்துக்குக் கிடைத்த பெயர், ஓட்டம் இல்லாதபோதும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வங்கியின் 'ரன்'னிலும் இதுதான் நடந்தது. பணத்தைக் கேட்டு மக்கள் விழுந்தடித்து ஓடியதைப் பார்த்து வைத்த பெயர், அவர்கள் வரிசையில் நின்றபோதும் மாறவில்லை, சோபாவில் உட்கார்ந்து போனைத் தட்டியபோதும் மாறவில்லை. அந்த இளைஞர் கேட்டாரே, யார் ஓடினார்கள் என்று, அதற்கு இன்றைக்கு நான் சொல்லும் பதில்: ஓடியது பணம். நீர் மடையை உடைத்துக்கொண்டு ஓடுவதுபோல.

இவ்வளவு பொருள் இருந்தும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் குழம்புவதில்லையே, எப்படி? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் 'பலபொருள் ஒருசொல்' என்று ஒரு வகை பேசப்படுகிறது. அதில் ஒரு பிரிவு, உடன் வரும் வினையால் பொருள் வேறுபடுவது. 'மா பூத்தது' என்றால் மரம் என்று தெரிகிறது. 'மா கனைத்தது' என்றால் குதிரை. பெயர்ச்சொல் தடுமாறும்போது வினை வந்து பொருளைப் பிடித்துக் கொடுக்கிறது. 'ரன்'னில் இது தலைகீழாக நடக்கிறது. இங்கே தடுமாறுவது வினை, பிடித்துக் கொடுப்பது பெயர். மூக்கு என்று வந்தால் ஒழுகுதல். ஆறு என்று வந்தால் பாய்தல். வேட்பாளர் என்று வந்தால் போட்டி. தொழிற்சாலை என்று பின்னால் வந்தால் நடத்துதல். 'ரன்' தனியாக நின்று எதையும் சொல்வதில்லை, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் பேசுகிறது. ஆகவே புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், அந்தச் சொல்லுக்கு நேரான தமிழைத் தேடாதீர்கள், 'ஓடுவது எது, ஓட்டுவது யார்' என்ற இரண்டை மட்டும் முதலில் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன். பட்டியலை மனப்பாடம் செய்ததைவிட இது அவர்களுக்கு உதவுகிறது.

சில வாரம் கழித்து அதே இளைஞரிடம் ஒரு பழைய அமெரிக்கப் பகடியைச் சொன்னேன். லேண்ட்லைன் காலத்தில் அங்கே பிள்ளைகள் முன்பின் தெரியாத வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் ஃபிரிட்ஜ் 'ரன்' ஆகிறதா என்று கேட்பார்களாம். ஆமாம் என்று பதில் வந்தால், அப்படியானால் சீக்கிரம் போய்ப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். சிலேடை மொழிமாறாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மேசையில் இருந்த போனை எடுத்துத் தன் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, வீட்ல ஃபிரிட்ஜ் ஓடுதா?"

"ஓடுதே, ஏன்டா?"

"அப்ப ஓடிப் போய்ப் புடி."

அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம் அக்கா சிரிக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.